காசிமேட்டுக்கும் ஒரு கடல் ஓசை

பாம்பனில் 2016 ஆகஸ்ட் மாதம் மீனவர்களுக்கென்றே ஒரு வானொலி தொடங்கியது. ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோவின் முயற்சியில் பிறந்த அந்த நிலையத்தின் பெயர் கடல் ஓசை, பண்பலை 90.4. காற்றின் வேகம், அலையின் உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதே அதன் தலையாய பேச்சு. அதைச் சொல்பவர்களும் அந்தக் கரையின் பிள்ளைகள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த தீவு அது. அங்கே வானிலை அறிவிப்பு என்பது உயிர்ச் செய்தி.

இவ்வகை வானொலிக்கு முன்னோடி நம் சென்னை நகரமே. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924-இல் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பணமின்றி 1927-இல் ஓய்ந்தது. அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. தன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் தந்தது. வீட்டில் பெட்டி வாங்க முடியாதவர்களுக்காகப் பொதுவிடங்களில் ஒலிபெருக்கி வைத்தது. தண்ணீரும் தெருவிளக்கும் தருகிற அமைப்பு வானொலியையும் தன் கடமையாகக் கொண்டது எத்தனை பெரிய சிந்தனை! 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி இங்கு வந்ததோடு அந்த முயற்சி முடிந்தது. பிறகு வானொலி மாகாணம் முழுமைக்கும் பேசியது. ஒரு குப்பத்தோடு தனியாகப் பேச அதற்கு நேரமில்லை. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பும் 1977-இல் சென்னையில்தான் தொடங்கியது. அதுவும் பெருநகரத்தின் குரலாகவே இருந்தது.

வடசென்னைக் கரைக்குத் தனிக்குரல் வேண்டும் என்பதை 2023 டிசம்பர் உணர்த்தியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அந்த மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். எந்தப் பக்கம் காற்று, எந்தப் பக்கம் நகர்வது என்று அந்த நேரத்தில் அவர்கள் பேச்சிலேயே சொல்ல ஒரு குரல் இருந்திருக்க வேண்டும்.

அப்படியொரு குரலுக்குச் சட்டமும் வழிவிடுகிறது. அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2006-ஆம் ஆண்டுக் கொள்கை, கல்வி நிறுவனங்களுக்கு அப்பால் தொண்டு அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி நடத்தும் உரிமையைத் திறந்துவிட்டது. சொந்தமாகச் செய்தி வாசிக்கத் தடை உண்டு. வானிலைக்கும் பேரிடர் எச்சரிக்கைக்கும் இல்லை. 100 வாட் ஆற்றலும் 30 மீட்டர் கோபுரமும் போதும். அத்தகைய நிலையத்தைத் திருவொற்றியூரில் நிறுவினால் காசிமேடும் எண்ணூரும் இருபுறமும் அதன் எல்லைக்குள் வந்துவிடும்.