ஓநாய் அழுத கதை

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்" என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். கடைசியில் வரும் அந்த 'ஆம்' கவனிக்கத்தக்கது. யாரோ சொல்லக் கேட்ட கதை என்பதற்கு அதுவே சாட்சி. கதை சுருங்கி ஒரு வரியாகிவிட்டது, வால் மட்டும் மிச்சம்.

கிரேக்கரிடமும் இப்படித்தான். வீணாகக் காத்திருந்தவனை 'வாய் பிளந்த ஓநாய்' என்பார்கள். பாப்ரியுஸ் செய்யுளில் பாடிய ஈசாப் கதையொன்றில் இதன் விரிவு இருக்கிறது. அழுகிற பிள்ளையை, "ஓநாய்க்குப் போட்டுவிடுவன்" என்று தாதி வெருட்டுகிறாள். வெளியே நின்ற ஓநாய் அதை மெய்யென்று நம்பி, பொழுதுபடும்வரை வாசலில் காத்துக் கிடக்கிறது. பிள்ளை நித்திரையாகிவிட்டது. ஓநாய் பசியோடு திரும்புகிறது. எங்கட 'இலவு காத்த கிளி'க்கு இது கிட்டிய சொந்தம். பழமொழி என்பது ஒருவகைச் சிறு கதையே என்று முதலாம் நூற்றாண்டிலேயே உரோம அறிஞர் குவின்டிலியன் எழுதிவிட்டார்.

அரபியில் 'மதல்' என்ற ஒரே சொல் பழமொழிக்கும் உவமைக் கதைக்கும் வழங்கும். 'அம்தாலு லுக்மான்' என்ற பெயரிலுள்ள 41 கதைகளில் பெரும்பாலானவை ஈசாப் கதைகளே. 1615இல் எர்பேனியுஸ் அவற்றை லைடனில் அச்சிட்டார். அல்குர்ஆனின் 31ஆவது சூராவில் லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொல்லும் உபதேசத்தில் கழுதையின் குரல் உவமையாக வருகிறதே தவிர, நரிக்கதையும் சிங்கக்கதையும் இல்லை. ஹிக்மத்துக்குப் பேர்போனவர் என்பதால் அக்கதைகள் பின்னாளில் அவர் பெயரில் ஏறிக்கொண்டன என்பதே பொருத்தம்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைத் தொடங்கியவர் பேர்சிவல் பாதிரியார். ஆறுமுக நாவலரோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே மனிதர். 1840களில் யாழ்ப்பாணத்தில் அச்சான அவருடைய பழமொழித் தொகுப்பின் பெயர் 'திருட்டாந்த சங்கிரகம்'. 'திருட்டாந்தம்' என்றால் எடுத்துக்காட்டு. 'மதல்' போலவே அதுவும் கதைக்கும் பழமொழிக்கும் பொதுவாக நிற்கக்கூடிய சொல். 1874இல் சென்னையில் வந்த பெரிய பதிப்பில் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகள், ஆங்கில மொழிபெயர்ப்போடு. அரிய உழைப்பு, மறுக்க முடியாது. ஆனால் பெரும்பாலும் பழமொழி மட்டுமே உண்டு. அதன் பின்னாலுள்ள கதை இல்லை.

கதை அச்சில் ஏறாதபோது வாயில்தான் இருக்க வேண்டும். அந்த வாய்கள் இன்று எங்கே? 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் சோனகதெருவையும் அதன் சுற்றாடலையும் சில மணித்தியாலங்களில் வெறுமையாக்கினார்கள். புத்தளத்துக்கும் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் சிதறியவர்களில் திரும்பி வந்தவர்கள் சிறு தொகையினரே. காணி, வீடு, கடை பற்றிய கணக்கையாவது யாரோ எழுதினார்கள். பேச்சு அந்தக் கணக்கில் சேரவில்லை.

பழமொழி சேகரிக்கும் எங்கட இளம் ஆய்வாளர்கள் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு எழும்பிவிடக் கூடாது. "அந்த ஓநாய் ஏன் அழுதது?" என்று கேட்க வேண்டும். சொன்னவர் எந்த ஒழுங்கையில் யாரிடம் அதைக் கேட்டார் என்பதையும் குறிக்க வேண்டும். வெளியேறிய அன்று இருபது வயதாயிருந்தவர் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவருக்குக் கதை சொன்ன உம்மம்மாமாரில் எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலராகத்தான் இருக்க முடியும்.