அடுத்த அறையில் கேட்ட பாட்டு

தற்செயலாகச் செவியில் விழும் ஒரு பாட்டு ஒருவரின் வாழ்நாள் பணியையே தீர்மானித்துவிடக் கூடும். ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக்கின் (1881–1945) இளமை அதற்குச் சான்று.

1904ஆம் ஆண்டு. புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் பயின்று வெளிவந்திருந்த பார்டோக்குக்கு வயது 23. தேசப்பற்று மிகுந்தவர், விடுதலைத் தலைவர் கொசூத்தைப் போற்றி அவர் இயற்றிய இசைப்படைப்பு அவ்வாண்டு சனவரியில் அரங்கேறியிருந்தது. ஆயினும், தம் மண்ணின் இசையென்று அவர் கருதியது நகரங்களில் ஜிப்சிக் குழுக்கள் வாசித்ததையே. அவற்றுள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் படித்த வகுப்பினர் புனைந்த மெட்டுகள்.

அவ்வாண்டு அவர் கெர்லிட்சே என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார். இன்று அது ஸ்லோவாகியாவில் உள்ளது. அங்கே, அடுத்த அறையில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் பணிப்பெண் பாடுவதைக் கேட்டார். திரான்சில்வேனியாவின் கிபேட் கிராமத்தைச் சேர்ந்த லிடி டோஷா என்பவர் அப்பெண். அவரை மீண்டும் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார் பார்டோக். பாட்டியிடம் கற்ற பழம்பாடல்களையே அவர் விரும்பிக் கேட்டதாக லிடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவ்வாண்டின் இறுதியில் பார்டோக் தம் தங்கைக்கு ஒரு மடல் எழுதினார். சிறந்த நாட்டுப் பாடல்களைத் திரட்டி, பியானோ இசை சேர்த்து, கலைப்பாடலின் நிலைக்கு அவற்றை உயர்த்தப்போவதாக அதில் குறிப்பிட்டார். 'உயர்த்துதல்' என்ற அச்சொல்லில் நகரத்து இளைஞனின் பெருமிதம் ஒளிந்திருப்பதை நாம் காணலாம்.

அப்பெருமிதத்தைக் கரைத்தவை கிராமங்களே. 1905இல் சோல்டான் கொடாயின் நட்பு வாய்த்தது. மறு ஆண்டு இருவரும் 20 பாடல்களை வெளியிட்டனர். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியைச் சுமந்துகொண்டு பார்டோக் ஊர் ஊராக அலைந்தார். உழவர்களின் மெட்டுகள் சிறிய அளவிலேயே பேரிலக்கியங்களுக்கு நிகரான முழுமை உடையவை. உயர்த்தப்பட வேண்டியவை அல்ல என்று தெளிந்தார்.

தன்னினப் பற்றில் தொடங்கிய தேடல் எல்லை கடந்தது. ஸ்லோவாக்கியர், ருமேனியர் பாடல்களையும் அதே அன்போடு திரட்டினார். 1913இல் அல்ஜீரியாவுக்கும் 1936இல் துருக்கிக்கும் சென்றார். ருமேனிய இசையைப் பற்றி எழுதியதற்காக 1920இல் நாட்டுப்பற்று அற்றவர் என்ற பழி அவர்மேல் சுமத்தப்பட்டது. எனினும் அவர் அப்பணியைக் கைவிடவில்லை.

தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாட்கள் உழவர்களிடையே கழிந்தவையே என்று அவர் பின்னாளில் சொன்னார். அரங்குகளின் கரவொலியை அறிந்த ஒருவரின் வாக்குமூலம் அது.