வந்தவருக்கு இடம் கொடுத்த வடகரை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் ஓடியது. சிமெண்ட் ஆலை, கட்டட வேலை, ஓட்டல், பரோட்டாக் கடை என்று எங்கே பார்த்தாலும் வடமாநிலத்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். "இங்கே இருக்கணும்னா முதல்ல தமிழ் கத்துக்கிட்டு வரட்டும்" என்று ஒருவர் எழுத, பலரும் கைதட்டல் போட்டிருந்தீர்கள். வாழ்நாளெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் நானும் ஆமாம் போடுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் நம் மாவட்டத்து வரலாறு வேறு கதை சொல்கிறது. இங்கே முதலில் இடம் கிடைத்தது, மொழி பிறகுதான் வந்தது. அப்படி வந்த மொழியால் லாபம் அடைந்தவர்கள் நாம்தான். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏலாக்குறிச்சியிலிருந்து தொடங்குகிறேன். வரதராஜன்பேட்டை, தென்னூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இந்த ஊரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் மாவட்டத்தின் தென்மேற்குப் பக்கம், திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. இன்றைக்குப் பாலத்தில் பேருந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஆறு இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே ஓடியது. தென்கரையில் தஞ்சாவூர் மராட்டியர், வடகரையில் அரியலூர் மழவராயர்களும் உடையார்பாளையத்து உடையார்களும். 1701ஆம் ஆண்டு தஞ்சையில் சாஜி மன்னர் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு நெருக்கடி வந்தபோது, ஊரை விட்டுக் கிளம்பியவர்களில் பலர் ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்தார்கள். ஏலாக்குறிச்சியில் இருக்கும் மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். ஊருக்கே திருக்காவலூர் என்று இன்னொரு பெயர் உண்டு. காவலும் அடைக்கலமும் பெயரிலேயே இருக்கின்றன.

அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்தான் வீரமாமுனிவர். பாடப்புத்தகத்தில் "தேம்பாவணி இயற்றியவர்" என்று ஒரு வரியில் படித்துவிட்டு, தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டோம். அவர் இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்தவர். கான்ஸ்டன்ஸோ பெஸ்கி என்பது இயற்பெயர். 1710இல் கப்பலில் கோவா வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தபோது வயது முப்பது. முப்பது வயதில் புதிதாக ஒரு மொழியை அ, ஆ என்று தொடங்குவது எவ்வளவு கடினம் என்பது துபாய்க்கும் ஜெர்மனிக்கும் போயிருக்கும் உங்களுக்குத் தெரியும். வந்த சில ஆண்டுகளில் திருநெல்வேலிப் பக்கம் சிறையிலும் இருந்திருக்கிறார். அதன் பிறகுதான் ஏலாக்குறிச்சி அவருக்கு நிலையான இடம் ஆனது. அரியலூர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவையை முனிவர் குணப்படுத்தினார், அதற்கு நன்றியாக நிலம் கொடுத்தார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

கொடுத்த இடத்துக்கு அவர் என்ன திருப்பிக் கொடுத்தார்? கணக்குப் பார்ப்போம்.

1726இல் தேம்பாவணி, 3615 பாடல்கள். 1730இல் தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூல். 1732இல் சதுரகராதி. அதுவரை நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்துதான் சொல்லுக்குப் பொருள் காண வேண்டும். அகர வரிசையில் சொல்லைத் தேடிப் பார்க்கும் வழியை நமக்குக் கொடுத்த முன்னோடி நூல் சதுரகராதி. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன் மொழியில் பெயர்த்தார்.

எழுத்திலும் கை வைத்தார். ஓலையில் எழுதிய காலத்தில் "எரி" என்பதற்கும் "ஏரி" என்பதற்கும் எழுத்தில் வேறுபாடு தெரியாது. குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். பிறகு இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். முனிவர் குறிலைப் புள்ளி இல்லாமல் விட்டுவிட்டு, நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். ஏ, ஓ என்று நாம் இன்றைக்கு எழுதுவதும், "கே" என்பதற்குச் சுழித்த இரட்டைக்கொம்பு போடுவதும் அவர் ஏற்படுத்திய வழக்கம். செல்பேசியில் நீங்கள் "ஏன்", "ஓகே" என்று தட்டும்போதெல்லாம் ஒரு இத்தாலிக்காரரின் திருத்தத்தைத்தான் தட்டுகிறீர்கள்!

இந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதிகம் பேசப்படாத ஒரு நூல். 1728இல் அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம். கொடுந்தமிழ் என்றால் மோசமான தமிழ் என்று பொருள் இல்லை, மக்கள் பேசும் தமிழ். தனக்குப் பின்னால் வரும் வெளிநாட்டுக் குருமார் சந்தையிலும் வயலிலும் மக்களோடு பேச வேண்டுமே என்று, பேச்சுத்தமிழுக்குத் தனியாக இலக்கணம் எழுதினார். நம் பண்டிதர்கள் பேச்சுமொழியைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. அந்த நூலை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடி அச்சகம். அது லுத்தரன் சபையினருடையது. முனிவர் அவர்களோடு கடுமையாக வாதம் செய்து நூல்கள் எழுதியவர். அப்படியிருந்தும் நல்ல இலக்கணம் என்று அவர்களே அச்சுப் போட்டார்கள். கருத்தில் சண்டை, மரியாதையில் குறைவில்லை. இன்றைய முகநூலுக்கு நல்ல பாடம்.

நாம் ஆறாம் வகுப்பில் சிரித்துச் சிரித்துப் படித்த பரமார்த்த குரு கதையும் தமிழ் கற்க வரும் வெளிநாட்டாருக்காக அவர் எழுதியதுதான். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நனைத்துப் பார்ப்பார்களே, அதேதான். புது மொழி கற்பவனுக்குச் சிரிப்பு வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார்.

இவ்வளவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. வந்த புதிதில் அவர் தப்பும் தவறுமாகத்தான் பேசியிருப்பார். யாரோ பொறுமையாகத் திருத்தியிருக்கிறார்கள். சுப்ரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழ் கற்பித்தவர் என்று சொல்வார்கள். கவிராயரைப் போலப் பெயர் சொல்லக் கிடைக்காதவர்கள் ஊரில் இன்னும் எத்தனை பேரோ. "முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வா" என்று கரையிலேயே நிறுத்தியிருந்தால் சதுரகராதி ஏது?

இப்போது நம் வீட்டுக்கு அருகே வருவோம். ஆண்டிமடம் முன்பு உடையார்பாளையம் வட்டத்தில்தான் இருந்தது. அந்த உடையார்பாளையம் அக்காலத்தில் அடர்ந்த காடு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஔரங்கசீப் படைகள் தெற்கே வந்தபோது, காஞ்சிபுரத்துக் கோயில் மூர்த்திகளைப் பாதுகாப்புக்காக வெளியே எடுத்துச் சென்றார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் வந்து தங்கியது உடையார்பாளையத்தில். ஆபத்து நீங்கிய பிறகு, நம் உடையாருக்கு அவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை என்கிறார்கள். கடைசியில் 1710இல் மூர்த்தி காஞ்சிக்குத் திரும்பியதைக் காஞ்சிக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதற்குத் துணை நின்றவர் ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்த லாலா தோடர்மால் என்ற வடநாட்டுக்காரர். நம் ஊர்ப் பிள்ளைகள் "வடக்கன்" என்று சொல்கிறீர்களே, அந்த வடக்கத்தியார்தான் காஞ்சிப் பெருமாளைக் காஞ்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்.

காஞ்சியின் பங்காரு காமாட்சியும் செஞ்சி, உடையார்பாளையம் வழியாகத்தான் தஞ்சை நாட்டுக்குப் போனாள். அவளைச் சுமந்து பூசை செய்துகொண்டே ஊர் ஊராக வந்த குடும்பத்தின் பூர்வீகம் தெலுங்கு நாடு. அந்தக் குடும்பத்தில் 1762இல் திருவாரூரில் பிறந்தவர் சியாமா சாஸ்திரிகள். பெரும்பாலும் தெலுங்கில் பாடினார், தமிழிலும் பாடியிருக்கிறார். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவருடைய முன்னோருக்கு நம் மண் தங்க இடம் கொடுத்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

மூன்றாவது ஒன்று, தமிழாசிரியர்கள் எல்லாரும் நன்றியோடு நினைக்க வேண்டியது. தெலுங்கு நாட்டிலிருந்து வந்து பெரம்பலூர்ப் பக்கம் குடியேறி நிலம் திருத்தியவர்கள் ரெட்டியார் சமூகத்தார். இன்றும் பல வீடுகளில் அடுப்படிப் பேச்சு தெலுங்குதான். அந்தச் சமூகத்தில் வந்தவர் செங்கணம் விருத்தாசல ரெட்டியார். தமிழில் பெரும் புலமை உடையவர். 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், இளமையில் அரியலூர், குன்னம் என்று குடும்பத்தோடு ஊர் மாறிக்கொண்டிருந்த காலத்தில், செங்கணத்தில் தங்கி இவரிடம்தான் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனது அதற்குப் பிறகுதான். சங்க நூல்களைத் தேடி அச்சில் ஏற்றித் தந்தவருக்கு யாப்பிலக்கணம் சொல்லிக்கொடுத்தவர், தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியில் வந்த ஒருவர்.

பழம்பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அன்று எல்லாருக்கும் ஒரே மாதிரி வரவேற்பு இல்லை. வந்தவர் யார், எந்தச் சாதி, கையில் என்ன தொழில் என்று பார்த்துத்தான் எந்தத் தெரு என்று முடிவு செய்தார்கள். கடல் தாண்டி வந்தவருக்கு நிலம் கிடைத்த அதே காலத்தில், இந்த மண்ணிலேயே பிறந்து வயலில் உழைத்தவர்களுக்குப் பல தெருக்களில் நடக்கவும் உரிமை இல்லை. காடு நிறைந்த பாளையங்களுக்குப் பயிர் செய்ய ஆள் தேவைப்பட்டது, அதனாலும் இடம் கொடுத்தார்கள். கருணையும் இருந்தது, கணக்கும் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தானே? ஆலைக்கும் கட்டடத்துக்கும் ஆள் தேவை, அதனால் வருகிறார்கள்.

சரி, மொழி விஷயத்துக்கு வருகிறேன். கடைத்தெருவில் நான் கவனித்துவரும் ஒன்று உண்டு. ஓட்டலில் வேலை செய்யும் வடமாநிலத்துப் பையன் பெரியவரைப் பார்த்து "உனக்கு என்னா வேணும்?" என்கிறான். பெரியவருக்குக் கோபம் வருகிறது. "மரியாதை தெரியாத பயல்" என்கிறார். அந்தப் பையன் எந்த இலக்கணப் புத்தகத்தில் தமிழ் படித்தான்? நாம் அவனிடம் பேசியதைக் கேட்டுத்தான் படித்தான். நாம் அவனிடம் சொன்னதெல்லாம் "ஏய், வா, போ, எடு, வை". அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அவனுடைய இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படி மரியாதை இருக்கிறது. ஊரில் பெரியவர்களை "ஆப்" என்றுதான் அழைப்பான். மரியாதை அவனுக்குத் தெரியும். அதற்கான தமிழ்ச் சொல்லை நாம் இன்னும் அவன் காதில் போடவில்லை.

"வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா" என்று நாலு நாள் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் நாள் அவன் "வாங்க ஐயா" என்பான். வந்தவர் எந்தத் தமிழைக் கற்கிறார் என்பது நாம் அவரிடம் எந்தத் தமிழ் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

2023 மார்ச்சில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போனது. வதந்தி என்று தெரிந்தது. இடையில் எத்தனையோ பேர் பயந்து ரயில் ஏறினார்கள். ஒரு பொய் அத்தனை வேகமாகப் பரவியதற்கு, பேச்சுவார்த்தை இல்லாத இடைவெளியும் ஒரு காரணம். பக்கத்துக் கடைக்காரர் ஒருவரோடாவது நாலு வார்த்தை பேசிப் பழகியவன் வீடியோவைப் பார்த்தவுடன் ஓடமாட்டான், அவரிடம் கேட்பான்.

இந்தப் பயம் நமக்கும் புதிதில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரிலிருந்து கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள் நம் ஆட்கள். அங்கே "கன்னடம் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை" என்று கேட்கப்பட்டவர்கள் நாம். இந்த வரியைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் இன்று அரபியும் மலாயும் மராத்தியும் பேசும் ஊர்களில் இருக்கிறீர்கள்? முதல் மாதத்தில் உங்களுக்கு யாரோ ஒருவர் பேருந்து எண் சொல்லியிருப்பார், வாடகைக்கு அறை பிடித்துக் கொடுத்திருப்பார். நீங்கள் அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு வருவதற்காக அவர் காத்திருக்கவில்லை.

ஆசிரியப் பணியில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுக் குழந்தைக்கு வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்க முடியாது. செங்கல் சூளையிலும் ஆலைக் குடியிருப்பிலும் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் அது உங்கள் வகுப்பிலேயே நன்றாகத் தமிழ் பேசும். வீட்டில் அப்பா அம்மாவுக்கும் கற்றுக்கொடுக்கும். தமிழ் வளர வேண்டும் என்று மேடையில் பேசுவதைவிட இது சுலபம்.

வருகிறவர்களும் நம் மொழியைக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முனிவர் கற்றார், கற்றதனால்தான் நம்மவர் ஆனார். ஆனால் இடமும் மரியாதையும் கொடுக்கும் ஊரில்தான் ஒருவன் அந்த ஊர் மொழியை ஆசையோடு கற்பான். விரட்டும் ஊரில் கூலி கேட்கும் அளவுக்கு மட்டும் கற்றுக்கொண்டு போய்விடுவான்.

நம் ஊர்ப் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆண்டி, மடம். கையில் ஒன்றும் இல்லாமல் வழியில் போகிறவனுக்குத் தங்க இடம். எந்த ஊர், என்ன மொழி என்று கேட்டுவிட்டா மடத்தில் படுக்கவிடுவார்கள்?

உங்கள் ஊரில் வெளியிலிருந்து வந்து நம்மோடு ஒருவராகிப் போன குடும்பங்கள் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். அவர்களுக்கு முதலில் இடம் கொடுத்தவர் யார் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்,
ஆண்டிமடம்.