பலூன் முதல் மரபணு வரை: இதயத் தமனி மறுகுறுக்க ஆய்வின் வரலாறு

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனிக்குள் சிறு பலூனைச் செலுத்தி அடைப்பை விரித்தார். பத்தாண்டு கழித்து எடுத்த ஆஞ்சியோகிராமிலும் அந்தத் தமனி திறந்தே இருந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1980களில் பலூன் சிகிச்சை பரவியபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் மீண்டும் குறுகியது. ஒரே மருத்துவர், ஒரே முறை, ஒரே அளவு அடைப்பு. இருந்தும் ஒருவருக்கு மூடுகிறது, இன்னொருவருக்கு மூடுவதில்லை. இந்த வேறுபாடு பிறப்பிலேயே அமைந்ததா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுந்தது.

மறுகுறுக்கத்தைப் பழைய கொழுப்புப் படிவின் தொடர்ச்சி என்று கருதுவது தவறு. கொழுப்புப் படிவு பல பத்தாண்டுகளில் வளர்வது. மறுகுறுக்கம் சில மாதங்களில் முடிந்துவிடும். பலூன் விரியும்போது தமனியின் உள்படலம் கிழிகிறது. விரிந்த சுவர் உடனே ஓரளவு பின்வாங்குகிறது. காயம் ஆறும்போது குழாய் முழுவதுமே சுருங்குகிறது. நடுச்சுவரில் அமைதியாக இருந்த மென்தசைச் செல்கள் விழித்து, பெருகி, உட்புறம் நகர்ந்து, தம்மைச் சுற்றிப் புதுத் திசுவைப் படியவைக்கின்றன. காயம் ஆறுவது அளவு மீறிப் போவதே இந்த நோய்.

சுவர் பின்வாங்குவது, குழாய் சுருங்குவது ஆகிய இரண்டு சிக்கல்களையும் ஸ்டென்ட் தீர்த்தது. 1986-ல் துலூஸில் ழாக் புவேலும் லோசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் மனித இதயத் தமனியில் உலோக வலைக்குழாயைப் பொருத்தினர். 1994-ல் வெளியான பெனஸ்டென்ட் ஆய்வில் மறுகுறுக்கம் 32 விழுக்காட்டிலிருந்து 22 ஆகவும், ஸ்ட்ரெஸ் ஆய்வில் 42-லிருந்து 32 ஆகவும் குறைந்தது. எஞ்சியது செல் பெருக்கம் மட்டுமே. உலோகம் சுவரில் தொடர்ந்து அழுத்தியதால் அது பலூன் காலத்தைவிடக் கூடுதலாகவே நடந்தது. ஸ்டென்டுக்குள் நேரும் குறுக்கம் பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால் வருவது. ஆகவே மரபணுத் தேடலுக்கும் களம் தெளிவானது.

தேடல் தொடங்கியது, ரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்துவதில் பங்குள்ள ஆஞ்சியோடென்சின் மாற்று நொதியில். இந்த வரலாற்றில் மிகுந்த பாடம் உள்ள பகுதி இதுதான் என்பது என் கருத்து. 1989-ல், அந்த நொதியைத் தடுக்கும் சிலாசப்ரில் மருந்து எலிகளின் காயப்பட்ட தமனியில் திசு வளர்ச்சியைக் குறைத்தது. 1992-ல் வந்த மெர்கேட்டர் ஆய்வில் அதே மருந்து மனிதரிடம் பயன் தரவில்லை. இதனிடையே 1990-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்த நொதியின் மரபணுவில் 287 கார இணைகள் கொண்ட ஒரு துண்டு சிலரிடம் இருப்பதையும் சிலரிடம் இல்லாததையும் கண்டனர். துண்டு இல்லாத வடிவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் ரத்தத்தில் நொதி அளவு அதிகம். 1997-ல் லீல் நகரக் குழுவினர், ஸ்டென்ட் வைத்தபின் இவர்களுக்கே மறுகுறுக்கம் கூடுதல் என்று அறிவித்தனர். மியூனிக்கில் இன்னும் பெரிய நோயாளிக் குழுவில் சோதித்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. 2001-ல் வெளியான பாரிஸ் ஆய்வு, துண்டு இல்லாத வடிவை உடையவர்களை மட்டும் தேர்ந்து நொதித் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்தது. மருந்து எடுத்தவர்களின் தமனி, எடுக்காதவர்களைவிட அதிகமாகவே குறுகியது.

கோட்பாட்டளவில் இதைவிடப் பொருத்தமான சிகிச்சை இல்லை. நோயாளிக்கு அது தீங்காக முடிந்தது. சில நூறு பேரை வைத்து, முன்கூட்டி ஊகித்த ஒரு மரபணுவைச் சோதிக்கும் முறையின் பலவீனம் இதில் வெளிப்பட்டது. தட்டணுப் புரத மரபணு, அழற்சிப் புரதங்களின் மரபணுக்கள் எனப் பல வந்தன. பெரும்பாலானவை அடுத்த ஊரில் உறுதிப்படவில்லை. இதற்கு விடையாகவே நெதர்லாந்தில் 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு ஜெண்டர் ஆய்வு நடந்தது. அதன் தொடர்ச்சியாக, முழு மரபணுத் தொகுதியையும் அலசிய 2011 ஆய்வு 12-ஆம் நிறப்புரியில் ஒரு பகுதியைச் சுட்டியது.

இதற்குள் மருந்து வேறு பாதையில் வந்துவிட்டது. 1964-65-ல் ராப்பா நூயி தீவில் கனடியக் குழுவினர் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது, செல் பெருக்கத்தைத் தடுக்கும் சிரோலிமஸ். அதைப் பூசிய ஸ்டென்டை 1999-ல் சாவோ பாவ்லோவில் எட்வார்டோ சோசா பொருத்தினார். 2002-ல் ராவெல் ஆய்வில், சாதாரண ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்தில் மறுகுறுக்கம் வந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கும் வரவில்லை. பின்னாளில் பரவலான பயன்பாட்டில் இந்தச் சுழியம் நிலைக்கவில்லை என்றாலும், நோயின் அளவு பெரிதும் சுருங்கியது.

மரபணுத் தேடல் அப்படியானால் வீணா? இல்லை என்பேன். செல் பெருக வேண்டுமானால், அதைத் தடுத்து நிறுத்தும் பி27 என்ற புரதம் முதலில் குறைய வேண்டும். சிரோலிமஸ் அதைக் குறையவிடுவதில்லை. 2009-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், அந்தப் புரதத்தின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வடிவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு மறுகுறுக்கம் குறைவு என்று கண்டு, இரண்டாவதாக ஒரு பெரிய குழுவிலும் அதை உறுதிசெய்தனர். அந்த வடிவத்தில் மரபணு கூடுதலாக இயங்குவதையும் ஆய்வகத்தில் காட்டினர். மருந்து வெளியிலிருந்து செய்யும் வேலையைச் சிலருக்கு உடலே ஓரளவு செய்துகொள்கிறது. யாருக்கு மீண்டும் அடைக்கும் என்று சொல்வதில் மரபணு ஆய்வு தோற்றது. ஏன் அடைக்கிறது என்பதை விளக்குவதில் அதன் பங்கு உண்மையானது.

இன்றும் மறுகுறுக்கத்தைக் கணிக்க எந்த மரபணுச் சோதனையும் வழக்கமான சிகிச்சையில் இடம்பெறவில்லை. சர்க்கரை நோய், சிறிய விட்டமுள்ள தமனி, நீண்ட அடைப்பு, முழுதாக விரியாத ஸ்டென்ட் ஆகியவையே வலுவான முன்னறிகுறிகள். ரத்த உறைவைத் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரை ஒருவருக்கு வேலை செய்யுமா என்று பார்க்கும் மரபணுச் சோதனை வேறு. அது ஸ்டென்டில் ரத்தம் உறையும் ஆபத்தைப் பற்றியது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் மரபணுவை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், மருத்துவர் சொல்லாமல் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், நெஞ்சுவலி திரும்பினால் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.