இங்கிலாந்தில் பிரேத தகனம் சட்டசம்மதம் பெற்ற வரலாறு

இறந்தவனுடைய உடல் எவருக்கும் சொத்தன்று என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய சித்தாந்தம். 1614-ஆம் ஆண்டில், ஹேன்ஸ் என்பவன் கல்லறைகளைத் தோண்டிப் பிரேதங்களைச் சுற்றியிருந்த துணிகளைக் களவாடிய வழக்கில், அத்துணிகள் பிணங்களுக்கு உரியவையாகா என்றும், அவற்றைப் போர்த்தியவர்களுக்கே உரியவை என்றும் நீதிபதிகள் தீர்மானித்தார்கள். துணிக்காவது ஓர் உடையவன் கிடைத்தான். உடலுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பிரேத சம்பந்தமான விவகாரங்கள் திருச்சபையின் அதிகாரத்தைச் சேர்ந்தவையாகக் கருதப்பட்டன. திருச்சபையோ புதைப்பதைத் தவிர வேறொரு சம்ஸ்காரத்தை எண்ணிப் பார்த்ததில்லை. ஆகவே, எரிக்கலாகாது என்று விதி வகுக்க வேண்டிய அவசியமே பல நூற்றாண்டுகளாக நேரவில்லை. தகனம் பின்னாளில் சட்டசம்மதம் பெற்றது உரிமை என்ற பெயரால் அன்று, சட்டத்தின் இந்த மௌனத்தினால்தான் என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்து.

விக்டோரியா மகாராணியின் ரணவைத்தியரான ஸர் ஹென்றி தாம்ஸன், 1873-இல் வியன்னா பொருட்காட்சியில் இத்தாலியப் பேராசிரியர் புருனெட்டியின் தகனச் சாதனத்தைக் கண்டு ஊக்கம் கொண்டு, மறு வருஷமே லண்டனில் தகன சங்கத்தைத் தோற்றுவித்தார். சங்கத்தார் வோக்கிங்கில் நிலம் வாங்கி உலை கட்டி, 1879 மார்ச்சில் ஒரு குதிரையின் உடலை எரித்துப் பரீட்சித்தனர். குதிரைக்கே ஊரார் கொதித்தெழுந்தார்கள். உள்நாட்டு மந்திரி தடை செய்தார். உலை ஆறு ஆண்டுகள் சும்மா கிடந்தது.

இதற்கிடையே 1882-இல் ஒரு விசித்திர வழக்கு தீர்ப்பாயிற்று. குரூக்கெண்டன் என்பவர், தம் உடலை ஒரு தோழியிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் அதை விறகடுக்கி எரித்துச் சாம்பலை ஒரு வெட்ஜ்வுட் ஜாடியில் இட வேண்டும், செலவைத் தம் சொத்திலிருந்து தர வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு இறந்தார்; குடும்பத்தாரோ அவரைப் புதைத்துவிட்டார்கள். வேல்ஸில் மறு அடக்கம் செய்வதாகச் சொல்லி அநுமதி பெற்ற அம்மையார், உடலைத் தோண்டியெடுத்து மிலான் நகருக்குக் கொண்டுபோய்த் தகனம் செய்துவிட்டு, செலவு கேட்டு வழக்காடினார். பிரேதம் சொத்தன்று, ஆகவே அதை உயில் எழுதி ஒருவருக்குக் கொடுக்க முடியாது, அடக்கம் ஆகும்வரை அதை வைத்திருக்கும் பாத்தியதை உயிலை நிறைவேற்றுவோருக்கே உண்டு என்று கூறி, நீதிபதி கே வழக்கைத் தள்ளினார். தகனம் குற்றமா என்ற கேள்விக்கு அவர் விடை கூறவில்லை.

அந்த விடையைக் கூறும் கடமை ஸர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபனுக்கு வாய்த்தது. இவர்தாம் நம் நாட்டில் வைஸிராயின் சபையில் சட்ட அங்கத்தினராயிருந்து, 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர். அவர்முன் நின்ற வில்லியம் பிரைஸ் எண்பத்து மூன்று வயது வைத்தியர். பழைய துரூயிட் மதத்தின் குருவாகத் தம்மைப் பாவித்தவர். தொழிலாளருக்கு வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்ட் கிளர்ச்சியில் ஈடுபட்டு 1839-இல் பிரான்ஸுக்குத் தப்பியோடியவர். வயோதிகத்தில் பிறந்து ஐந்தே மாதத்தில் இறந்துபோன குழந்தைக்கு ஏசு கிறிஸ்து என்று அவர் பெயரிட்டிருந்ததே ஊராருக்குப் போதிய கோபத்தை மூட்டியிருக்கும்; 1884 ஜனவரி 13-ஆம் நாள் லான்ட்ரிஸன்ட் குன்றின்மேல், பாரபின் எண்ணெய் ஊற்றிய பீப்பாயில் அவ்வுடலை எரிக்கத் தொடங்கியதும் ஜனங்கள் திரண்டார்கள்; போலீசார் பாதி கருகிய உடலைக் கைப்பற்றி அவரைக் கைது செய்தார்கள். கார்டிஃபில் நடந்த விசாரணையில் ஸ்டீஃபன், பொதுஜனங்களுக்கு உபத்திரவம் விளையும்படியோ, பிரேத விசாரணையைத் தடுக்கும் நோக்கத்துடனோ செய்தாலன்றி, புதைப்பதற்குப் பதிலாக எரிப்பது குற்றமாகாது என்றும், ஒரு செயல் தமக்கு அருவருப்பாயிருப்பதனால் மட்டும் புதுக் குற்றம் ஒன்றைச் சிருஷ்டிப்பது நீதிபதியின் வேலையன்று என்றும் விளக்கினார். பிரைஸ் விடுதலையானார். இந்தியாவில் சட்டங்களை எழுதிக் குவித்த கை, இங்கிலாந்தில் எழுதப்படாத சட்டத்தை எழுதப்படாததாகவே விட்டுவைத்தது!

1885 மார்ச்சில் வோக்கிங் உலை முதன்முதலாக மனித உடலை ஏற்றது. அவ்வருஷம் முழுவதும் நடந்த தகனங்கள் மூன்றே. பார்லிமெண்டு 1902-இல்தான் தகனச் சட்டம் இயற்றியது. அங்கீகாரத்தோடு கூடவே வேலியும் வந்தது: தகனம் அதற்கென அமைந்த கட்டடத்திலேயே நடைபெற வேண்டும். பிரைஸின் வெட்டவெளி அன்றோடு அடைபட்டதாகவே பலரும் கொண்டனர். ஆயினும் அச்சட்டம் அமலிலிருந்த காலத்திலேயே, முதல் உலகப் போரில் காயமுற்றுப் பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் மாண்ட இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேருடைய உடல்கள் பாட்சம் மேட்டுநிலத்தில் திறந்தவெளிச் சிதைகளில் எரிக்கப்பட்டன. அவ்விடத்தில் எழுந்த சத்ரி மண்டபத்தை வேல்ஸ் இளவரசர் 1921-இல் திறந்துவைத்தார். போர்க்காலத்தில் பொருத்தமாகத் தோன்றியது சமாதான காலத்தில் சர்ச்சைக்குரியதானது வேடிக்கைதான். நியூகாஸிலில் வாழ்ந்த தவேந்தர் கய், தமக்குச் சிதைத் தகனம் வேண்டுமென்று கேட்டபோது நகரசபை 2006-இல் மறுத்தது. உயர்நீதிமன்றமும் 2009-இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மேலே திறப்புள்ள அமைப்பும் அச்சட்டத்தின்படி கட்டடமே என்று கூறி அவருக்குச் சாதகமாக முடித்தது. மதச் சுதந்திரத்தைப் பற்றித் தீர்மானிக்க வேண்டிய அவசியமும் ஒழிந்தது.

குரூக்கெண்டன் வழக்கின் விதி மட்டும் அங்கே இன்னும் மாறவில்லை: தன் உடலை எரிக்கும்படியோ புதைக்கும்படியோ ஒருவர் உயிலில் எழுதிவைத்தாலும், அது நிறைவேற்றுவோரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது.