கற்றளிச் சிதைவில் நுண்ணுயிர்களின் பங்கு

மழையும் வெயிலும் காற்றுமே கல்லைத் தேய்க்கின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டுவந்தது. கல்லின் மேற்பரப்பில் குடிகொள்ளும் பாக்டீரியா, நீலப்பச்சைப்பாசி, பூஞ்சை முதலிய சூக்கும ஜீவிகளுக்கும் அத்தேய்வில் பங்குண்டு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் தெளிவுபட்டது. சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் கல்பாசியின் இனம் பூஞ்சையும் பாசியும் கூடிவாழும் இரட்டை உயிர் என்று சுவிட்சர்லாந்தின் சைமன் சுவெண்டனர் 1860களின் இறுதியில் கூறியபோது பலர் ஏற்க மறுத்தனர். சிதைந்த பாறைகளில் நைட்ரிக் அமிலம் விளைக்கும் பாக்டீரியா வாழ்வதை 1890-இல் பிரெஞ்சு ரசாயனி அஷீல் முன்ட்ஸ் எடுத்துக்காட்டினார்.

கருங்கல்லில் இச்சிதைவு மிக மெதுவாகவே நிகழும். பூஞ்சை இழைகள் படிகங்களின் இடுக்கில் நுழைந்து, ஈரத்தில் உப்பியும் வெயிலில் சுருங்கியும் மேற்பொருக்கை நெகிழ்த்துகின்றன. அவை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் கரும் அப்பிரகத்தையும் பெல்சுபாரையும் அரிக்க, குவார்ட்ஸ் மணிகள் பற்றுக்கோடின்றி உதிர்கின்றன. வௌவால் எச்சத்தின் அம்மோனியாவோ பாக்டீரியாவுக்கு உணவாகி அமிலமாகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் இவ்வுண்மையைச் சீதோஷ்ண பேதத்தோடு சேர்த்து அறியலாம். மழைமறைவில் கிடக்கும் உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்தும் ஆயிரமாண்டு கடந்தும் நிலைத்திருக்கின்றன. கூடலூருக்கு மேலே, தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் நனைக்கும் சுமார் 1,300 மீட்டர் உயரத்திலோ, பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் கண்ணகி கோட்டமென்று அடையாளங்காட்டிய மங்கலதேவி கோயில் இடிந்து கிடக்கிறது. சித்திரா பௌர்ணமியன்று மட்டுமே மக்கள் சென்று வழிபடும் அக்கோட்டத்தில், ஆண்டின் மற்ற நாட்களெல்லாம் பாசிக்கே உரியவை. பிரான்சின் லாஸ்கோ குகை, சுவரோவியங்களில் பச்சைப்பாசி படர்ந்ததால் மக்களுக்கு அடைக்கப்பட்டதும் அதே 1963-இல்தான்.

பரிகாரம் எளிதன்று. நோயினும் மருந்தே கொடிதாகிவிடும் நிலை இதில் மெய்யாகவே உண்டு: மணல் வீச்சால் கோயிலைச் 'சுத்தம்' செய்வோர் எழுத்தின் விளிம்பையும் சிற்பத்தின் நகக்கீறலையும் அடியோடு இழப்பதுடன், சொரசொரப்பான புதுப் பரப்பில் பாசி முன்னிலும் விரைந்து பற்றவும் இடந்தருகின்றனர். இந்தியத் தொல்லியல் துறை, 1917-இல் தோன்றிய தன் ரசாயனப் பிரிவின் வழியே, நீர்த்த அம்மோனியா, மென்மையான சோப்புக் கரைசல், பூஞ்சைக்கொல்லி ஆகியவற்றைக் கையாண்டுவந்தது. அத்துறை 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டில் செய்த துப்புரவும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆதலால் நீர் தேங்காமற் செய்தலும், முளைக்கும் செடியை வேர்விடுமுன் களைதலுமே முதற்கடமை. கல்வெட்டில் கைவைக்குமுன் மைப்படி எடுத்துவிட வேண்டும். 1886-இல் ஹுல்ட்ஸ் சென்னை அரசின் கல்வெட்டறிஞராகப் பதவியேற்ற காலந்தொட்டுச் சேர்ந்துள்ள படிகளை இன்றைய கல்லோடு ஒப்பிட்டால், எந்த எழுத்து எவ்வளவு தேய்ந்தது என்பதை அளந்தறியவும் கூடும்.