டைனமோ போய் ஆல்டர்நேட்டர் வந்த கதை

பழைய கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்நேட்டர் போட்டேன். ஆறு மாசத்துல ரெண்டு போயிடுச்சு" என்று ஒரே புலம்பல். எனக்கு 1993 ஞாபகம் வந்தது.

அப்பாவிடம் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. நம்ம வண்டலூரில் தயாரான வண்டி. பானட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமே முதலை வாய் மாதிரி எழும்பும். ரிப்பேர் செய்ய அவ்வளவு வசதி.

முதலில் டைனமோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1912இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலை மெல்ல மெல்ல ஒழிந்தது. ஸ்டார்ட்டருக்குப் பெரிய பேட்டரி வேண்டும், அதைச் சார்ஜ் செய்ய டைனமோ வேண்டும். ஐம்பது வருஷம் அதன் ராஜ்யம்தான். ஆனால் அதில் ஒரு சங்கடம். மின்சாரம் முழுவதும் சுழலும் ஆர்மேச்சரில் உண்டாகி கார்பன் பிரஷ் வழியாக வெளியே வரவேண்டும். எஞ்சின் ஐட்லிங்கில் இருந்தால் அநேகமாக ஒன்றும் வராது. மழை இரவில் சிக்னலில் நின்றால் வைப்பர், ஹெட்லைட் எல்லாம் பேட்டரியைத்தான் உறிஞ்சும்.

ஆல்டர்நேட்டர் இதைத் தலைகீழாக்கியது. சுற்றுவது காந்தம் மட்டும், அதற்குச் சில ஆம்பியர் போதும். மின்சாரம் எடுப்பது அசையாத சுருளிலிருந்து. வருவது ஏ.சி. என்பதால் அதை டி.சி. ஆக்க மலிவான சிலிக்கான் டயோடு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1960இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் போட்டது. ஆங்கிலேயக் கம்பெனிகள் இன்னும் சில வருஷம் டைனமோவை விடவில்லை. அந்த வழியில் வந்த நம் வண்டிகளும் அப்படியே.

இன்னொரு வழக்கமும் அவர்களிடம் இருந்தது, பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் சேரும். நான் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தவன். அங்கேயும் 48 வோல்ட் பேட்டரியில் பிளஸ்தான் எர்த், கம்பிகள் அரிக்காமல் இருக்க. அதனால் எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. ஆனால் ஆல்டர்நேட்டர் எல்லாம் மைனஸ் எர்த். மாற்றும்போது பேட்டரியையும் திருப்பி இணைக்க வேண்டும்.

டைனமோ தேய்ந்துபோய், அடிக்கடி கட்-அவுட் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்ததால் அப்பா மாற்றச் சம்மதித்தார். எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருஷமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன்தான் புதுப்பேட்டையில் தேடி ஒன்று வாங்கி மாட்டினார். இரண்டு மாதம் ஓடியது. அடுத்தது மூன்றே வாரம். மூன்றாவது, அம்மாவை வைத்துக்கொண்டு ஊரிலிருந்து திரும்பும்போது மதுராந்தகம் தாண்டி ராத்திரி பத்து மணிக்குப் படுத்தது. ஹெட்லைட் மஞ்சளாகி, அப்புறம் சிவப்பாகி, இருட்டு. லாரிக்காரர் ஒருவர் கட்டி இழுத்து வந்து விட்டார். அப்பா, "இனி ஒரு தடவை நின்னா வித்துடலாம்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

நாலாவது போட்ட அன்று ஆபீஸ் பழக்கத்தில் நானே மீட்டரோடு உட்கார்ந்தேன். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, ஆல்டர்நேட்டரின் முனைக்கும் அதன் உடம்புக்கும் 14.2 வோல்ட். பேட்டரியில் 12.8தான். 1.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. பிளஸ் பக்கக் கம்பியில் 0.3. எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 1.1. அங்குலம் அங்குலமாக வந்து, கடைசியில் ஒரு முள்ளை பேட்டரி முனையின் ஈயத்திலும், இன்னொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்தேன். 0.9! தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவே.

பேட்டரியில் பிளஸ் முனை கொஞ்சம் பருமன், மைனஸ் கொஞ்சம் ஒல்லி. முன்பு பிளஸில் இருந்த எர்த் கிளாம்பை அப்படியே மைனஸில் மாட்டியதால் லொடலொடவென்று இருந்திருக்கிறது. அண்ணன் நடுவில் தகரத் துண்டு ஒன்றைச் செருகி இறுக்கியிருந்தார். மேடு பள்ளத்தில் அது கண நேரம் விட்டுவிட்டுப் பிடிக்கும். பேட்டரி இணைப்பு அறும் அந்தக் கணத்தில் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜ் எகிறி டயோடு போய்விடும்.

அதோடு இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது என்று பார்ப்பது அந்தக் கால வழக்கம். டைனமோ தாங்கும். அண்ணன் ஒவ்வொரு தடவையும் புது ஆல்டர்நேட்டரை அப்படித்தான் சோதித்துக் கொடுத்திருக்கிறார்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தந்தவர். பேசாமல் மீட்டரை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு வைங்க" என்றேன். முள் ஆடியதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பீடியை அணைத்துவிட்டு, "அப்போ மத்த மூணையும் நான்தான் கொன்னேனா தம்பி?" என்றார்.

மறுநாள் சரியான அளவில் இரண்டு ஈயக் கிளாம்பும், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் தடிமனான புது எர்த் பட்டையும் அவரே வாங்கி வந்தார். காசு வாங்கவில்லை. அந்த நாலாவது ஆல்டர்நேட்டர், 2004இல் வண்டியைக் கொடுக்கும்வரை ஓடியது. அப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டார்.

நண்பரிடம் முதலில் பேட்டரி கிளாம்பைத் தொட்டு ஆட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் போன் வரவில்லை.